மீன் ஏறி முடியட்டும்

இரண்டு பேர் சண்டை போட்டுக்கொண்டு அவரிடம் போனால், இரண்டு பேரும் சேர்ந்து அவரைத் திட்டிக்கொண்டு திரும்பி வருவார்கள். சண்டை அத்தோடு தீர்ந்துவிடும். காட்டிலாகா ரேஞ்சரின் நியாயம் அப்படிப்பட்டது.

ஒருநாள் விறகு ஏற்ற வந்த இரண்டு வண்டிக்காரர்கள் ஒரு புளியமரத்து நிழலுக்காக மல்லுக்கு நின்றார்கள். மாட்டை அங்கே யார் கட்டுவது என்று தகராறு. ரேஞ்சர் ஒரு கல்லின் மேல் உட்கார்ந்து இரண்டு பக்கத்தையும் கேட்டார். ஹைகோர்ட்டில்கூட அத்தனை பொறுமையாகக் கேட்டிருக்க மாட்டார்கள். கேட்டு முடித்து, ஆளுக்கு ஒரு மாட்டை நிழலிலும் ஒரு மாட்டை வெயிலிலும் கட்டச் சொல்லிவிட்டார். ஜோடி மாட்டைப் பிரித்துக் கட்டினால் அது சும்மா இருக்குமா? சாயங்காலம் வரை நான்கும் கத்தித் தீர்த்தன. இதற்கு இரண்டு பேரையும் துரத்தி விட்டிருக்கலாமே என்று நான் காதைப் பொத்திக்கொண்டு கேட்டேன்.

"ரெண்டு பேருக்கும் கொஞ்சங் கொறையோணுமுங்க ராவுத்தரே," என்றார். "ஒருத்தருக்கு முழுசாக் கெடச்சுதுன்னா, இன்னொருத்தருக்கு ஒண்ணுங் கெடைக்கலீன்னு அர்த்தம்."

கோயமுத்தூரில் மில்லுக்கு மேல் மில்லாக எழும்பிக்கொண்டிருந்த காலம் அது. பைக்காரா கரண்டு வந்த புதிது. கூரைக்கு உத்திரம், கம்பிக்குக் கம்பம் என்று எந்த மரத்தைக் கொண்டுவந்து போட்டாலும் விற்றுப்போகும். உக்கடத்தில் என் மாமனாருக்கு மரக்கடை. காட்டிலிருந்து மரம் வந்து சேரும்வரை அவருக்குத் தூக்கம் வராது. என்னையும் தூங்க விடமாட்டார். வெட்டு நடக்கும் காலத்தில் என்னைக் காட்டுக்கே அனுப்பிவிடுவார். மேட்டுப்பாளையத்துக்கு மேலே, பவானியில் போய்ச் சேரும் ஒரு பெரிய பள்ளத்தின் கரையில் எங்கள் கொட்டகை இருந்தது. ஓடையை நாங்கள் பள்ளம் என்றுதான் சொல்லுவோம்.

காட்டில் ஒரு பாகத்தை ஏலத்தில் எடுத்து மரம் வெட்டுவதற்குக் கூப்பு என்று பெயர். அந்தக் கூப்பை எடுத்திருந்த காண்ட்ராக்டர் பெருந்துறைப் பக்கத்துக் கவுண்டர். ரேஞ்சரின் சொந்தத் தங்கை புருஷன். அவர் அந்தக் காட்டை ஏலம் எடுத்ததே, மச்சான் ரேஞ்சராக இருக்கிறார் என்கிற தைரியத்தில்தான். "இனி என்னங்க, காடே நம்முளுது" என்று என் மாமனாரிடம் வந்து சொன்னார். என் மாமனாரும் நம்பினார். அவர் ரேஞ்சரைப் பார்த்ததில்லை.

எந்த மரம் விழ வேண்டும் என்று முத்திரைச் சுத்தியால் அடித்துக் குறி போடுவது ரேஞ்சரின் வேலை. வெட்டின பிறகு, காட்டை விட்டு வெளியே போகலாம் என்பதற்கு ஒவ்வொரு கட்டையின் முனையிலும் இன்னொரு முத்திரை விழ வேண்டும். அது விழாமல் ஒரு துண்டுகூட நகர முடியாது. மற்ற ரேஞ்சர்கள் குடையைப் பிடித்துக்கொண்டு கரையில் நின்று, ஆளை விட்டுக் குறி போடுவார்கள். இவர் பூட்ஸைக் கழற்றிக் கழுத்தில் மாட்டிக்கொண்டு இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கிவிடுவார். கரையைத் தண்ணீர்ப் பக்கத்திலிருந்து பார்ப்பார். எந்த வேர் மண்ணைப் பிடித்துக்கொண்டிருக்கிறது, எந்த வேரின் சந்தில் மீன் ஒண்டியிருக்கிறது என்று கையை விட்டுத் துழாவுவார். காண்ட்ராக்டர் கரையோடு கூடவே நடந்து புலம்பிக்கொண்டு வருவார்.

"மச்சான், நல்ல மரமெல்லாங் கரையிலதானுங்க நிக்குது. அதையெல்லாம் உட்டுப்போட்டு மேட்டுல நிக்கற சொத்தையக் காட்டறீங்களே!"

"எல்லாத்தையும் உடச் சொல்லலீங்க மாப்பிள்ளை. கரையில மூணுல ஒண்ணை எடுத்துக்கோங்க. வேரு தண்ணிக்குள்ள நிக்கறதை மட்டும் தொடாதீங்க. அது போச்சுன்னாக் கரை சரியும். கரை சரிஞ்சாக் கசம் தூந்து போயிரும். அப்பறம் வேனலுக்குப் பெருங்கெண்டை எங்கீங்க போயி ஒதுங்கும்?"

கசம் என்றால் பள்ளத்தில் ஆழமான இடம். சித்திரை வைகாசியில் மற்ற இடமெல்லாம் மணலாகக் காய்ந்து கிடக்கும்போது மீனெல்லாம் கசத்தில்தான் உயிரைப் பிடித்துக்கொண்டு கிடக்கும்.

"மீனு என்னங்க மச்சான், உங்களுக்கு ஒறவா?"

"ஒறவு நீங்கதானுங்க. மீனுக்குத்தான் ஆருமில்லை" என்று சொல்லிவிட்டு ரேஞ்சர் அடுத்த வேரைத் துழாவப் போய்விட்டார்.

இதில் பெரிய வேடிக்கை, அவர் மீன் தின்ன மாட்டார். கவுச்சி வாசமே ஆகாது. நான் கொட்டகையில் மீன் பொரிக்கும் நாளில் அந்தப் பக்கமே தலைகாட்ட மாட்டார். தின்னாத மீனுக்கு இத்தனை பாசமா என்று நான் கேலி செய்வேன். "நீங்க திங்கறதுக்குத்தாங்க காவக்காக்கறேன்" என்று பதில் வரும். சிரிக்காமல் சொல்லுவார். அவர் சிரித்து நான் பார்த்தது ரொம்பக் குறைவு.

எனக்கு மீன் கொண்டுவந்து கொடுத்த அம்மாள் அவரைப் பற்றி வேறு விதமாகப் பேசுவாள். பள்ளம் பவானியில் சேரும் இடத்தில் மீன் பிடித்துப் பிழைக்கும் குடிசைகள் இருந்தன. அங்கிருந்து கூடையோடு நடந்து வருவாள். கோடையில் காரைக்காயை இடித்துக் கசத்தில் கலக்கினால் மீன் மயங்கி மேலே வந்து மிதக்கும், அள்ளிக்கொண்டு போகலாம். குஞ்சும் குளுவானுமாக எல்லாம் சேர்ந்து சாகும். ரேஞ்சர் அதை நிறுத்திவிட்டார். வலை போடு, தூண்டில் போடு, காய் கலக்காதே என்றார். அந்தக் கோபம் அவளுக்கு ஆறவே இல்லை.

"மரம் வெட்டற மாப்பிள்ளைக்குக் காட்டையே தொறந்து உட்டுட்டாரு. நாங்க ஒரு கூடை மீனு அள்ளுனாச் சட்டம் பேசறாரு. நீங்களே சொல்லுங்க பாயி, இது ஞாயமுங்களா?"

காலையில் அவள் இதைச் சொல்லிவிட்டுப் போவாள். மத்தியானம் காண்ட்ராக்டர் வந்து, மீன்காரிக்காக மச்சான் தன்னைக் கவிழ்த்துவிட்டார் என்பார். இரண்டையும் நான் ஒன்றுவிடாமல் ரேஞ்சரிடம் ஒப்பிப்பேன். எனக்கும் பொழுது போக வேண்டுமே. அவர் கவனமாகக் கேட்டுக்கொண்டு, "ரெண்டு பக்கமுந் திட்டறாங்களா? அப்பச் சரிதானுங்க" என்பார். அதில் அவருக்கு ஒரு திருப்தி. எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

துரைக்காகத்தான் மீனைக் காக்கிறார், பிரமோஷனுக்கு அடி போடுகிறார் என்றும் சிலர் சொன்னார்கள். மேலதிகாரியான வெள்ளைக்காரத் துரைக்குத் தூண்டில் பைத்தியம் உண்டு, அது உண்மைதான். ஆனால் துரை ஒருமுறை தூண்டிலும் பெட்டியுமாக வந்து இறங்கியபோது, இப்போது மீன் சினையாக இருக்கிறது, ஐப்பசிக்கு மேல் வாருங்கள் என்று ரேஞ்சர் அவரிடமே சொல்லிவிட்டார். துரை முகம் சிவந்து குதிரையைத் திருப்பினார். பிரமோஷனும் அதே குதிரையில் ஏறிப் போய்விட்டது.

இப்படி எல்லோருக்கும் நடுவில் போய் நின்றுகொண்ட மனிதருக்குப் பேச்சுத் துணைக்கு யார் இருப்பார்கள்? அவருடைய வீடு பள்ளத்துக்கு மேலே மேட்டில் இருந்தது. மனைவி தலைப் பிரசவத்தில் குழந்தையோடு போய்விட்டாள். மறு கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அவருக்குக் கீழே காவல் பார்த்த கார்டுகள் சம்பளத்துக்குப் பேசினார்கள். கூப்பு ஆட்கள் பயத்துக்குப் பேசினார்கள். சாயங்காலம் அவர் கசத்தின் ஓரத்துப் பாறையில் தனியாக உட்கார்ந்திருப்பார். நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தால் கொஞ்சம் நகர்ந்து இடம் கொடுப்பார். அவ்வளவு பெரிய பாறையில் நகர வேண்டிய அவசியமே இல்லை. ஆனாலும் நகர்வார். அதைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருக்கும்.

அங்கே உட்கார்ந்து அவர் பேசுவதெல்லாம் ஒரே விஷயம்தான். தங்கை மகள். மனைவி இறந்த வருஷம் தங்கை கைக்குழந்தையோடு வந்து அண்ணனுக்குச் சோறாக்கிப் போட்டுக்கொண்டு இருந்தாளாம். அந்தக் குழந்தை இவர் மார்மேலேயே கிடந்து வளர்ந்தது. அவளுக்கு அந்த வருஷம் ஆவணியில் கல்யாணம் வைத்திருந்தார்கள். கூப்பு மரம் இறங்கி விற்றால் கல்யாணம். எங்கள் பக்கத்துக் கவுண்டர் வீட்டுக் கல்யாணத்தில் தாய்மாமன்தான் பெண்ணுக்கு நெற்றியில் பட்டம் கட்ட வேண்டும். அது மாமனுடைய உரிமை.

"பட்டங் கட்டறப்பக் கை நடுங்கப்படாதுங்க ராவுத்தரே," என்பார். "பொண்ணு அழுகும். அது அழுகறதப் பாத்தா எனக்கு நடுங்கிப்போயிரும். நான் மேல பாத்துக்கிட்டே கட்டிப்போடலாமுன்னு இருக்கறேன்."

மரம் அறுக்கிற என்னிடம் போய் இதையெல்லாம் சொல்லுவார். வேறு யாரிடம் சொல்லுவார், பாவம்.

ஆனி மாதம் மலையில் மழை இறங்கியதும் பள்ளத்தில் புதுத் தண்ணீர் வரும். வண்டி ஏறாத பெரிய மரத்தைக் கோடை முழுக்கக் கரையில் அடுக்கிக் காயப்போட்டு அதில் தள்ளிவிட்டால் மேட்டுப்பாளையம் வரைக்கும் அதுவே போய்ச் சேர்ந்துவிடும். ஆனால் அதே புதுத் தண்ணீரில்தான் பவானியிலிருந்து பெருங்கெண்டைகள் பள்ளத்தில் ஏறி வரும். மேலே கூழாங்கல் படுகையில் போய் முட்டை போடும். மரம் இறங்குகிற வழியும் மீன் ஏறுகிற வழியும் ஒன்றுதான். உருண்டு வரும் கட்டைகளில் மீன் நசுங்கும், படுகை உழுது போட்டதுபோல் ஆகிவிடும். அதைப் பற்றி அதுவரை யாரும் கவலைப்பட்டது கிடையாது.

ரேஞ்சர் பங்குனியிலேயே இரண்டு பக்கத்தையும் உட்கார வைத்துப் பேசி முடித்திருந்தார். முதல் தண்ணீர் மீனுக்கு. இரண்டாம் தண்ணீர் மரத்துக்கு. ஏறுகிற மீனைக் கூடை வைத்துப் பிடிக்கக் கூடாது. முட்டை போட்டுவிட்டு இறங்கும்போது பிடித்துக்கொள்ளலாம். மீன்கார அம்மாள் முணுமுணுத்துக்கொண்டு ஒத்துக்கொண்டாள். காண்ட்ராக்டர் சுலபமாகவே ஒத்துக்கொண்டார். "ஆனியில தண்ணி ஒருக்கா வந்து நின்னுபோனதா எங்கீங்க கேட்டிருக்கறோம்? முத தண்ணிய மச்சான் மீனுக்கே சீர் வெச்சுக்கட்டும்" என்று சிரித்தார். நாங்களும் சிரித்தோம். மலை மழையை வீட்டுக் குதிரில் இருக்கும் கம்பைப் போல எண்ணிக்கொண்டு பேசினோம்.

தண்ணீர் வந்தது. செந்நிறமாக, நுரையும் சருகுமாக, மரத்தைத் தூக்கிக்கொண்டு போக அளந்து விட்டாற்போல் வந்தது. அதற்கு எதிரே மீன்கள் ஏறின. பாறைச் சரிவில் முதுகு முதுகாகத் தெரிந்தன. விழுந்து, மறுபடி எம்பி, மறுபடி விழுந்தன. அத்தனை மீனை நான் சந்தையில்கூட ஒரே இடத்தில் பார்த்ததில்லை. எனக்கு வாயூறியது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அந்தக் கரையில் மீன்கார அம்மாள் கூடையோடு நின்றிருந்தாள். இந்தக் கரையில் கடப்பாரை பிடித்த ஆட்களோடு காண்ட்ராக்டர். நடுவே முழங்கால் தண்ணீரில் ரேஞ்சர், முத்திரைச் சுத்தியைத் தோளில் சாத்திக்கொண்டு.

"ஏனுங்க, ஏறு மீனு வருசத்துல ஒருக்காத்தான் வருது" என்று அம்மாள் கத்தினாள். "ஒரே ஒரு கூடைங்க!"

"எறங்கறப்ப எடுத்துக்கோ அம்மணி."

காண்ட்ராக்டர் கரையிலிருந்து இறங்கி அவர் பக்கத்தில் போய் நின்றார். தண்ணீரையும் வானத்தையும் மாறி மாறிப் பார்த்தார். மலைமேல் மேகம் கலைந்துகொண்டிருந்தது.

"மச்சான், முத்திரை அடிங்க. மேகம் ஓடுது. பொண்ணு கலியாணம் இந்தத் தண்ணியிலதான் இருக்குது."

"நீங்க ஒத்துக்கிட்டதுதானுங்க மாப்பிள்ளை."

"ஒத்துக்கிட்டேன். இல்லீங்கல. இப்பக் கெஞ்சறேன்."

தங்கை புருஷன் கெஞ்சி எந்த அண்ணனும் பார்த்துக்கொண்டு நிற்கமாட்டான். ரேஞ்சருக்கு முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. தோளிலிருந்த சுத்தியைக் கீழே இறக்கினார். அடித்துவிடுவார் என்றுதான் நினைத்தேன். அடித்துத் தொலையட்டும் என்றுதான் நானும் வேண்டிக்கொண்டேன். உக்கடத்தில் என் மாமனார் மில் கூரைக்கு உத்திரம் தருவதாக வாக்குக் கொடுத்துவிட்டுக் காத்திருந்தார். ரேஞ்சர் சுத்தியை மறுபடி தோளில் எடுத்து வைத்துக்கொண்டார்.

"மீனு ஏறி முடியட்டுமுங்க" என்றார்.

மீன் ஏறி முடிந்தது. தண்ணீரும் அதோடு முடிந்தது. ரேஞ்சர் வாக்குப்படி எல்லாக் கட்டைகளுக்கும் முத்திரை அடித்தார். ஆட்கள் அவற்றைப் பள்ளத்தில் உருட்டி வைத்துவிட்டு மழையைப் பார்த்து உட்கார்ந்தார்கள். ஆனி போயிற்று, ஒரு தூறல் இல்லை. முத்திரை விழுந்த மரங்கள் மணலில் கிடந்து வெயிலில் வெடித்தன. காண்ட்ராக்டர் மச்சானோடு பேச்சை நிறுத்திக்கொண்டார். ஆடியில் மலை உடைத்துக்கொண்டு வந்ததுபோல் ஒரு வெள்ளம் வந்தது. மரங்களையெல்லாம் வாரிக்கொண்டு, பாறையில் அடித்து நொறுக்கி, மேட்டுப்பாளையத்தில் நின்றிருந்த ஆட்களின் கண்ணெதிரே கடந்து போயிற்று. இறங்குகிற மீனைப் பிடிக்கக் குடிசைக்காரர்கள் கட்டிய வலைகளும் அதோடு போயின. ஆற்றங்கரை வயல்களில் ஒதுங்கிய கொஞ்சம் மரத்தைத்தான் எங்களால் மீட்க முடிந்தது.

நான் அவரைத் தேடிப் போனேன். பாறையில் உட்கார்ந்திருந்தார்.

"இது கொஞ்சங் கொறைஞ்சதில்லீங்க ராவுத்தரே" என்றார்.

கல்யாணம் நிற்கவில்லை. மாப்பிள்ளை வீட்டார் நல்லவர்கள். சிறிதாகச் செய்தால் போதும் என்றார்கள். ஆனால் வெற்றிலை பாக்கு வைத்து அழைக்க ரேஞ்சர் வீட்டுக்கு யாரும் வரவில்லை. தினமும் அவர் மேட்டிலிருந்து வண்டித் தடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். அழைக்காத வீட்டுக்குத் தாய்மாமனாக இருந்தாலும் போக முடியாது. மரக்கடைக்காரனான எனக்கு அழைப்பு வந்தது. கூடப் பிறந்தவருக்கு வரவில்லை. போகவா வேண்டாமா என்று அவரிடமே கேட்டேன். "போயிட்டு வாங்க. வந்து சொல்லுங்க" என்றார்.

போனேன். சடங்கு நடத்துகிற அருமைக்காரர், "தாய்மாமன் வாங்க" என்று கூப்பிட்டார். பெண்ணின் அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். அவளுக்குப் பங்காளி வீட்டு அண்ணன் முறையாகும் ஒருவர் எழுந்துபோய்ப் பட்டம் கட்டினார். சாப்பிட்டுவிட்டு நான் புறப்படும்போது, கல்யாணப் பெண் தோழிகளை விட்டு விலகி என்னருகே வந்து, "மாமாகிட்டச் சொல்லுங்க. வர வெள்ளிக்கிழமை விருந்துக்கு நாங்க ரெண்டு பேரும் வாரோம்" என்று அவசரமாகச் சொல்லிவிட்டுப் போனாள்.

அதைச் சொன்னபோதுதான் அவர் சிரித்தார். கல்யாணத்தைப் பற்றி அவர் அதற்குமேல் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலையிலிருந்தே மேட்டு வீட்டில் புகை எழுந்தது. எங்கள் பக்கத்தில் ஒப்புட்டு என்னும் போளியும் பாயசமும் வடையுமாக அவரே நின்று செய்தார். தேங்காய் துருவ நான் போனேன். வாழையிலையை இரண்டாக நறுக்கித் துடைத்துப் போட்டு, தண்ணீர்ச் சொம்பு வைத்து, புதுப் பாய் விரித்தார். வாசலுக்கும் அடுப்புக்குமாக நடந்துகொண்டிருந்தார். உச்சிவெயில் சாய்ந்தது. வண்டிச் சத்தம் எதுவும் வரவில்லை. வண்டி கட்ட விடமாட்டேன் என்று காண்ட்ராக்டர் தடுத்துவிட்டார் என்பது எனக்குப் பின்னால் தெரிந்தது. அன்றைக்கு எங்களுக்கு எதுவும் தெரியாது. கீழே கசத்தில் வெயில் பட்டு, கெண்டைக் குஞ்சுகள் கூட்டம் கூட்டமாகத் திரும்புவது வாசலிலிருந்தே தெரிந்தது. அவர் அந்தப் பக்கம் பார்க்கவில்லை, தடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சாயங்காலமாயிற்று. உள்ளே வந்து, "உக்காருங்க ராவுத்தரே" என்றார்.

இன்னொரு இலையில் நீங்களும் உட்காருங்கள் என்றேன். தலையை ஆட்டிவிட்டார். புது மாப்பிள்ளைக்குப் போட்ட இலையில் என்னை உட்கார வைத்தார். பக்கத்து இலை அப்படியே கிடந்தது. இடது கையால் வலது முழங்கையைத் தொட்டுக்கொண்டு, வீட்டுக்கு முதல்முதலாக வந்த மருமகனுக்குப் பரிமாறுவதுபோலக் குனிந்து குனிந்து பரிமாறினார். ஒப்புட்டின் மேல் நெய் ஊற்றினார். பாயசம் ஊற்றினார். "நல்லாருக்குதுங்களா?" என்றார். "நெம்ப நல்லாருக்குதுங்க" என்றேன். வயிறு நிறைந்து, தொண்டை வரை வந்து, மூச்சு முட்டியது. அவர் மறுபடியும் சோற்றுக் கரண்டியோடு வந்து நின்றார். நான் கையால் இலையில் இடம் ஒதுக்கிக் கொடுத்தேன்.